கடைசிப் பாரம் இல்லாத நாவல்கள்

அப்பா வேலை பார்த்த பைண்டிங் கடையில், கடைசிப் பாரமான பதினாறு பக்கம் சேராமல் கழித்துப்போட்ட நாவல்கள்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. பேய்க்கதை, துப்பறியும் கதை, காதல், கடல் பயணம் என்று யாருமே கேள்விப்படாத புத்தகங்கள். முடிவை அக்காதான் துணி மடித்துக்கொண்டே இட்டுக்கட்டிச் சொல்வாள். தங்கை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

இப்போது தலை நரைத்துவிட்ட அந்தத் தங்கை, பழைய புத்தகக் கடையில் அந்தக் கடல் பயண நாவலைக் கடைசிப் பாரத்தோடு முழுசாகப் பார்த்துவிட்டாள். கை பரபரத்தது. ஆனால் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், அக்கா பத்திரமாகக் கரைசேர்த்த மாலுமி என்ன ஆவானோ என்று பயம். அக்காவுக்கே போன் போட்டாள்.

“படியேன்டி, எனக்கும் தெரியணும்ல?”

படித்தாள். “அக்கா, அவன் கடல்லயே செத்துப்போயிட்டான்.”

“அடப்பாவமே! இத்தனை வருஷமா நம்ம வீட்ல நல்லாத்தானே இருந்தான்!”

“இப்ப என்னக்கா பண்றது?”

“பண்றதென்ன? அப்பா கொண்டுவந்த மாதிரியே கொண்டு வா.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு காசைக் கொடுத்தாள். கடைக்காரரிடம் கத்தரிக்கோல் கேட்டாள்.

“எதுக்கும்மா?”

“கடைசிப் பாரத்தோட தையலைப் பிரிக்கணும் தம்பி. இந்த மாலுமியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”