சம்பந்தியம்மா பானெட்டைத் திறந்த நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சம்பந்தியம்மா தனியாக வந்து நின்றதுமே பெண்ணின் அப்பாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மகளும் கூட வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. கையில் ஒரு கனத்த கான்வாஸ் பை. அதை அந்த அம்மா வாசலில் வைத்தபோது உள்ளே இரும்போடு இரும்பு மோதியது.

"வாங்க, வாங்க" என்று வாய் சொன்னது. கண் பையிலேயே இருந்தது.

பெண்ணின் அப்பா வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். விபத்து என்று வருகிற மனுக்களில் எது நிஜம், எது ஜோடனை என்று பிரிப்பதுதான் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. காய்கறிக் கடைக்காரர் சிரித்தால்கூட, எதற்குச் சிரித்தார் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வருவார்.

சம்பந்தியம்மா பஸ் டிப்போ பட்டறையில் இருபத்தாறு வருஷம் மெக்கானிக். போன வருஷம் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். "உடம்பு முடியல" என்பதற்கு மேல் யாரும் இவர்களிடம் சொல்லவில்லை. அதுவும் இவர் மனசில் ஒரு முள்ளாகத்தான் இருந்தது.

போன வாரம் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டுக் கிளம்பும்போதுதான் இந்தப் பேச்சு வந்தது. வீட்டு முன்னால் சரிவில் நின்ற காருக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா நின்று மோந்து பார்த்தார். "பெட்ரோல் வாடை வருதே, சம்பந்தி" என்று பானெட்டைத் திறக்கச் சொன்னார். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் வளைத்தார். குதிகால் வெடிப்பு மாதிரி அதில் கோடு கோடாகப் பிளந்திருந்தது. "ஹோஸ் எல்லாம் செத்துப்போச்சு. இத இப்படியே விடக் கூடாது. நானே வந்து மாத்தித் தர்றேன்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் இவர் நினைத்தார். இப்போது ஆளே வந்து நிற்கிறார்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் சம்பந்தியம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டே. "நான் இங்க வந்தது பையனுக்குத் தெரியாது. நீங்களும் அவன்கிட்ட சொல்லிக்க வேண்டாம்."

பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு வேலையா?

இவர் அடுக்களைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுத்தார். "எதுக்கு வந்திருக்காங்க தெரியுமா? வண்டி ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு ஆக்கிட்டு, மாப்பிள்ளைக்குப் புதுசு வாங்கிக் குடுங்கன்னு அடி போடுவாங்க, பாரு."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் அவள். "ஒத்தாசைக்கு வந்தவங்களப் போய்... காபி போடுறேன், கொண்டுபோய்க் குடுங்க."

காபியைக் கொண்டுபோன சாக்கில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தியம்மா முதலில் செய்த காரியம் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றியது. பெட்ரோல் குழாய்க்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? அவர் குறித்துக்கொண்டார். பிறகு டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் முனையிலிருந்து பம்புக்கு ஒன்று, பம்பிலிருந்து பில்டருக்கு ஒன்று, பில்டரிலிருந்து கார்புரேட்டருக்கு ஒன்று என மூன்று பழைய ஹோஸ்களையும் உருவி, மிச்சப் பெட்ரோலை ஒரு டப்பாவில் வடித்தார். பழசை அளவு வைத்துப் புதுசை வெட்டினார். வெட்டியது என்னவோ நேராகத்தான் வெட்டினார். ஆனால் மாட்டும்போது வலது கையை விட்டுவிட்டு இடது கையாலேயே தள்ளினார். ஹோஸை இறுக்கும் கிளிப்பின் திருகைத் திருப்பும்போது ஸ்குரூடிரைவர் இரண்டு தரம் வழுக்கிக் கீழே விழுந்தது. இருபத்தாறு வருஷ மெக்கானிக்கா இப்படி? அதையும் குறித்துக்கொண்டார்.

ஐந்து கிளிப் முடிந்தது. ஆறாவது கிளிப்பின் மரை தேய்ந்திருந்தது. எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை.

"கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். முக்குலதானே இருக்கு" என்று எழுந்தார் சம்பந்தியம்மா. "ஹோஸை சும்மா தள்ளி மாட்டி வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியத் தொட வேண்டாம்."

"நான் வாங்கிட்டு வர்றேனே."

"சைஸ் எனக்குத்தான் தெரியும்."

அவர் தெருமுனை திரும்பும் வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார். தொட வேண்டாமாம். முப்பத்தொரு வருஷத்தில் இந்த வார்த்தையை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார்! கிடங்குப் பூட்டைத் தொட வேண்டாம், எரிந்த வண்டியைத் தொட வேண்டாம். அப்படிச் சொன்ன இடத்தில்தான் விஷயமே இருந்திருக்கிறது. வண்டி இனிமேல் ஓடவே ஓடாதபடி ஏதோ செய்துவிட்டு, கிளிப் என்று ஒரு கதை.

கழற்றிய வயரை எடுத்துப் பேட்டரியில் மாட்டி அழுத்தினார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். நாலைந்து தரம் செருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு கணம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இறங்கிப் போய்ப் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, ஒவ்வொரு இணைப்பாகக் கண்ணால் துழாவினார்.

அப்போதுதான் அந்தக் கிளிப் இல்லாத முனை மெல்ல நகர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று, பெட்ரோல் பீறிட்டு எஞ்சின் மேல் அடித்தது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை எரிந்த கார்களின் படங்கள் அவர் மேஜையில் கிடந்திருக்கின்றன! ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினார். நல்ல வேளை, எஞ்சின் இன்னும் சூடேறியிருக்கவில்லை. சரிவில் பெட்ரோல் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, வண்டி சத்தம் கேட்டுது?" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"எதிர் வீட்டு வண்டி."

பழைய துணியால் துடைத்தார். பேட்டரி வயரை மறுபடி கழற்றி, முன்னால் இருந்த மாதிரியே மடக்கி வைத்தார். அதைச் செய்யும்போது தன் விரல்களைத் தானே பார்த்தார். ஜோடனை என்று அவர் எத்தனையோ மனுக்களில் சிவப்பு மையால் எழுதியிருந்த காரியம் இதுதான்.

சம்பந்தியம்மா வந்ததும் தெருவிலேயே நின்று மோந்தார். அப்புறம் பானெட்டுக்குள் பார்த்தார்.

"கழண்டிருக்கே! யாராவது தொட்டீங்களா?"

"இல்லையே" என்றார் இவர். காபி டம்ளர்களை எடுக்க வந்த மனைவி, கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எஞ்சின் ஓடாம எப்படி இவ்வளவு..." சம்பந்தியம்மா காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "வண்டி சரிவுல நிக்குது. டேங்க் மேல இருக்கு. தானா வழிஞ்சு தள்ளியிருக்கும். அப்போ நான் சரியா மாட்டலதான்." வலது கையை விரித்துப் பார்த்தார். "போன வருஷம் ஒரு பக்கம் இழுத்துடுச்சு, சம்பந்தி. நடை வந்துடுச்சு, பேச்சு வந்துடுச்சு. இந்த மூணு விரல் மட்டும் இன்னும் மரத்துதான் இருக்கு. ஸ்பேனரத் தொடவே கூடாதுன்னு பையன் எல்லாத்தையும் பரண்ல தூக்கி வச்சுட்டான். முடியும்னு எனக்கு நானே பாத்துக்கணும்னுதான் அவனுக்குத் தெரியாம வந்தேன்." வாசல்படியில் உட்கார்ந்தார். "அவன் சொன்னது சரிதான். வேற மெக்கானிக்கக் கூப்பிட்டு முடிச்சுக்குங்க. என்னால ஒரு வீடு எரிஞ்சிருக்கும்."

பைக்குள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார். மெதுவாக, இடது கையால்.

இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பொய் சொன்னவர்கள் ஏன் கடைசி வரை சாதிக்கிறார்கள் என்பது முதல்முறையாக அவருக்குப் புரிந்தது. எவ்வளவு சுலபம் இது!

"நான்தான் சாவி போட்டேன்" என்றார்.

சம்பந்தியம்மா நிமிர்ந்தார். "பேட்டரி கழட்டியிருந்துச்சே?"

"மாட்டினேன். அப்புறம் திரும்பக் கழட்டி வச்சேன்."

"எதுக்கு?"

"உங்க மேல சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

சொல்லிப் பார்த்தார். புது வண்டி, மாப்பிள்ளை, ரகசியம் என்று வெளிச்சத்தில் எடுத்து வைக்க வைக்க ஒவ்வொன்றும் கூசியது. மனைவி டம்ளரோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?" சம்பந்தியம்மாவின் குரல் பட்டறைக் குரலாகிவிட்டது. "ஒரு பொறி பறந்திருந்தா? உள்ள அண்ணி நின்னு சமைச்சிட்டிருந்தாங்க! எதுக்கு வயர கழட்டினேன்? பொழுது போகாமயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். திட்டு ஓய்ந்ததும் சம்பந்தியம்மா சட்டென்று வேறு குரலில் கேட்டார்:

"எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"ஒரு நிமிஷம்... ஒண்ணரை நிமிஷம் இருக்கும். நான் இறங்கி எல்லாத்தையும் பாத்தேனே."

"கிளிப் இல்லாம? பம்பு தள்ளத் தள்ள?"

"ஆமா."

"அந்த முனைய மட்டும் நான் இந்தக் கையாலதான் தள்ளி மாட்டினேன்" என்றார் சம்பந்தியம்மா, வலது கையைத் தூக்கி. கண் கலங்கியிருந்தது, கோபம் இன்னும் முகத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை. "ஒண்ணரை நிமிஷம் நின்னிருக்கு!"

எழுந்து போய்ப் பையை மறுபடி திறந்தார். சிந்திய இடத்தை முழுவதும் துடைத்து, வாடை போகும் வரை காத்திருந்து, புது கிளிப்பை அந்த வலது கையாலேயே திருகினார். ஸ்குரூடிரைவர் ஒரு தரம் விழுந்தது. இவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு முனையையும் விரலால் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரமில்லை.

மத்தியானம் இவரே காரில் கொண்டுபோய் விட்டார். சம்பந்தியம்மா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தான். அம்மாவின் கையில் இருந்த பையைப் பார்த்தான். நகத்தில் இருந்த கறுப்பைப் பார்த்தான். "மாமா, என்ன நடக்குது? அம்மா எங்க போயிருந்தாங்க?" என்று இவரை முறைத்தான்.

அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"வண்டிக்கு பெட்ரோல் ஹோஸ் மாத்தினாங்க, மாப்பிள்ளை. மூணும் அவங்களே. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். வேலைல ஒரு குறையும் இல்ல. நடுவுல தப்பு பண்ணது நான். அத அவங்க சொல்வாங்க."

"அதெல்லாம் எங்களுக்குள்ள" என்றார் சம்பந்தியம்மா, மகனை ஒதுக்கிவிட்டு உள்ளே நடந்தபடி. படியில் நின்று திரும்பினார். "டேங்க் பக்கத்து ஹோஸ் இன்னும் பாக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். நீங்க வீட்டுல இருக்கணும்னு அவசியம் இல்ல, சம்பந்தி. அண்ணி இருந்தாப் போதும்."