மேல் ஓடையில் பூச்சி இல்லை

ஓடைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். முட்டிவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஓட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்து, வலைக்கு முன்னால் அடித்தரையைக் காலால் உதைக்க வேண்டும். கல்லுக்கடியில் ஒண்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகள் கிளம்பி வலைக்குள் வந்து விழும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் ஓடை நன்றாக இருக்கிறதா, இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அலுவலகத்தில் அவளுக்குப் பூச்சிக்காரி என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

பார்க்கவேண்டிய இடம் இரண்டு. சாய ஆலைக்கு மேலே, தண்ணீர் சுத்தமாக வரும் இடம் ஒன்று. ஆலைக் கழிவு வந்து கலக்கும் வாய்க்காலுக்குக் கீழே இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு. இந்தத் தடவை ஆலைக்காரர்கள் கழிவை இரண்டு மடங்காக விட அனுமதி கேட்டிருந்தார்கள். கீழிடம் மேலிடத்தைப் போல இருந்தால் அனுமதி உண்டு. அதெப்படி இருக்கும்? போன வருஷம் கீழே கிடைத்ததெல்லாம், வேறெதுவும் பிழைக்காத சாக்கடையிலும் நெளியும் சிவப்புப் புழுதான்.

காலையில் மேலிடத்தில் வலை போட்டாள். உதைத்தாள், உதைத்தாள், கால் வலிக்க உதைத்தாள். தட்டில் இரண்டு நத்தையும் கொஞ்சம் இலைச்சருகும். வருஷா வருஷம் தட்டு கொள்ளாமல் துள்ளும் இடம் அது.

மத்தியானம் கீழிடம். நுரை மிதந்தது, நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. தட்டைப் பார்த்தவள் அசந்துபோனாள். மூன்று வால்நூல் வைத்த தட்டைப் பூச்சிகள், மணலை ஒட்டிக் குழாய்க்கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள், எல்லாம் சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் ஜாதி. ஒரு நிமிஷம் வாயெல்லாம் பல்லாக நின்றாள். பிறகுதான் கவனித்தாள், பாதி மல்லாந்து கிடந்தது. மீதி மூச்சுக்குத் தவித்தது. வேகமான ஓட்டத்தில் கல்லோடு ஒட்டிக்கொள்வதற்கென்றே தட்டையாகப் பிறந்த பூச்சிக்குக் கணுக்கால் புதையும் இந்தச் சேற்றில் என்ன வேலை?

சுரீரென்றது. ஒரு விடுமுறையில் அக்கா குடும்பத்தை மேலிடத்துக்குக் கூட்டிப்போய், கல்லைப் புரட்டி இதே பூச்சியைக் காட்டியது அவள்தான். அக்கா வீட்டுக்காரர், அவளுக்கு அத்தான், அந்தச் சாய ஆலையின் மேனேஜர். "இது இருந்தா ஓடை பாஸா?" என்று துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் ஒருத்தராவது நம் வேலையைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவள் பூரித்துப்போய்ப் பதில் சொன்னாள்.

அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"தட்டுல இருக்கறத எழுதும்மா. பூச்சிகிட்ட அட்ரஸ் கேக்கறதெல்லாம் நம்ம வேலை இல்ல."

போனை வைத்தாள். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

அதற்குள் அத்தானே கரையோரமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன பூச்சிக்காரி, தட்டு ரொம்பிடுச்சா?"

"எங்கேருந்து அள்ளினீங்க?"

அவர் மறைக்கக்கூட இல்லை. "நீதானே சொன்ன, பூச்சி இருந்தா ஓடை நல்லா இருக்கும்னு. குளத்துல மீன் வாங்கி விடறாங்க, அந்த மாதிரி இங்க பூச்சி கொண்டுவந்து விட்டோம். மேல ஒவ்வொரு கல்லா எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்தோம். ஆளுங்களுக்கு முதுகே ஒடிஞ்சு போச்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நல்லது செய்ததாகவே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை எங்கே அறைவது?

சாட்சிக்குக் கொஞ்சம் பூச்சியைப் புட்டியில் போட்டு மூடினாள். உயிரோடு இருந்ததைப் பொறுக்கி, காலையில் மேலிடத்தில் பிடித்துவைத்த வாளித் தண்ணீரில் விட்டாள். "வாங்க என்கூட" என்று முன்னால் நடந்தாள். அத்தான் ஆலைச் செருப்போடு தடுமாறிக்கொண்டு பின்னால் வந்தார்.

மேலிடத்தில் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினாள். வழவழவென்று இருந்தது. அடுத்த கல். அதற்கடுத்தது.

"தானா வந்துடாதா?"

"எங்கேருந்து வரும் அத்தான்? கீழ இருக்கற அத்தனை தூரத்துக்கும் இங்கேருந்துதான் போகணும். செத்துட்டிருந்தது கீழ் ஓடை மட்டும்தான். மேல நல்லா இருந்ததையும் தேய்ச்சுக் கொன்னுட்டீங்களே!"

அவர் முகம் அப்போதுதான் செத்தது. அவள் அவர் கண்ணெதிரிலேயே அறிக்கையை எழுதினாள். மேலிடம், அழிக்கப்பட்டது. கீழிடம், வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டது. அனுமதி தரக்கூடாது. செய்தவர் இன்னார் என்று உறவுமுறையும் சேர்த்து எழுதி, அதிகாரிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் போனிலேயே அனுப்பினாள்.

"என் வேலை போயிடும்மா. அக்கா முகத்துக்காகவாவது..."

"அக்கா முகத்துக்காகத்தான் உங்களை இதுக்குள்ள பிடிச்சுத் தள்ளாம நிக்கறேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டத்துக்குள் இறங்கினாள். ஒவ்வொரு பூச்சியாக விரல் நுனியில் எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். பெரும்பாலானவற்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. எப்போதாவது ஒன்று கல்லைப் பிடித்துக்கொண்டது. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார். வாளிக்குள் கையை நீட்டினார்.

"நானும் போடறேன்."

"தொடாதீங்க" என்றாள்.