முதுகில் ஆறு வட்டம்

எழுபத்து நாலாம் வருஷம். நான்கு மாதமாக அருணகிரியின் வலது தோள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மாமல்லபுரத்துப் பட்டறையில் இருபது வருஷம் உளி பிடித்த கை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போதே "வலிக்குதுடி" என்பார். கேட்கக் கேட்க அவர் மனைவி ஆராயிக்கு அழுகை வரும். பூசாத தைலம் இல்லை, வைக்காத ஒத்தடம் இல்லை.

வெள்ளிக்கிழமை கடப்பாக்கத்து அம்மன் சிலைக்குக் கண் திறப்பு. செதுக்கியவருக்குத்தான் அந்த உரிமை. கை தூக்க முடியாவிட்டால் பட்டறைக்காரர் தாமோதரன் திறந்துவிட்டுப் போவார். ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய முகத்தை வேறொருவர் முடிப்பதா? அந்தக் கவலையில் மனுஷன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பொறுத்துப் பார்த்த ஆராயி, புதன்கிழமை காலை அவரை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் நூர்முகமது பாய் என்று ஒருவர், இறுகிப்போன சதைக்குக் கிளாஸ் வைப்பவர்.

பாய் அருணகிரியைக் குப்புறப் படுக்க வைத்தார். எரிகிற பஞ்சைக் கண்ணாடிக் கிளாசுக்குள் ஒரு சுற்றுக் காட்டி எடுத்து, சட்டென்று தோள்பட்டையில் கவிழ்த்தார். கிளாசுக்குள் சதை உப்பிக்கொண்டு எழுந்தது. "அம்மாடி!" என்று ஆராயி வாயைப் பொத்திக்கொண்டாள். தோளிலிருந்து முதுகு வரை மொத்தம் ஆறு கிளாஸ்.

"பயப்படாத தங்கச்சி. வட்டமா கன்னிப்போயி பத்து நாளு இருக்கும். சட்ட போட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் பாய்.

"அது கெடக்குது பாய். கை தூக்கினா போதும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அருணகிரி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கையால்! ஆராயிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் இருவரும் ஒன்றை மறந்துபோனார்கள். கண் திறப்பவர் சட்டை போட்டுக்கொள்ளக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை கடப்பாக்கத்துக் கோயிலில் அருணகிரி குளித்து, ஈர வேட்டியோடு, வெற்று உடம்பாகச் சன்னதியைப் பார்த்து நின்றார். பின்னால் நின்ற கூட்டம் ஒருவரையொருவர் இடித்துக் காட்டியது. முதுகில் ஆறு கருவட்டம். தேமல் விழுந்தாலே குஷ்டம் என்று ஜனங்கள் நடுங்கிய காலம் அது. தர்மகர்த்தா காசிநாதன் இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னா அருணகிரி இது? மொதல்லயே சொல்லக் கூடாதா? தள்ளி நில்லுப்பா. தாமோதரன் தொறக்கட்டும்."

"வலிக்கு பாய் கிளாஸ் வச்சதுங்க..." அருணகிரி திரும்பிச் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கண் திறக்கும் பொன் ஊசியைத் தாமோதரனிடம் நீட்டப் போனார். அந்த முகத்தைப் பார்க்க ஆராயிக்குத் தாங்கவில்லை.

எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆங்காரம்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"அந்த வியாதி பட்ட எடத்துல கிள்ளினா வலிக்காது. எல்லாருக்கும் தெரியுமில்ல? நல்லா பாத்துக்குங்க!"

பெரிய வட்டமாகப் பார்த்து, நகம் பதியக் கிள்ளித் திருகினாள்.

"ஐயோ, வலிக்குதுடீ பாவி!" அருணகிரி போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்னும் அஞ்சு கீது. கிள்ளட்டுமா நைனா?" என்று காசிநாதனைக் கேட்டாள்.

"வாணாம்மா, வாணாம்! அவரே தொறக்கட்டும்." கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நான்கு மாதமாக "வலிக்குதுடி" என்பதைக் கேட்டுக் கேட்டு அழுதவள், அன்றுதான் அதைக் கேட்டுச் சிரித்தாள். அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மன் முன்னால் போனார். ஊசி பிடித்த வலது கை தோளைத் தாண்டி, அம்மன் கண் வரைக்கும் தடங்கலில்லாமல் ஏறியது.