சனிக்கிழமைக் கஞ்சா

கஞ்சாவைக் கடையில் விற்கலாம் என்று சட்டம் வந்த மாதமே என் மச்சான் மாட்டிக்கொண்டான். இருவரும் ஒரே கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறோம். சிறுநீர்ப் பரிசோதனையில் நான் தேறினேன், அவன் தேறவில்லை. தேறாதவனுக்கு வேலை இல்லை என்பது நிறுவன விதி.

"சனிக்கிழமை வீட்ல அடிச்சது சார். கடையில பில் போட்டு வாங்கினேன்," என்றான் மச்சான் மேலாளரிடம்.

அன்று வியாழன்.

"இப்ப போதை இல்லன்னு எப்படிப்பா நம்புறது?" மேலாளருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய பலகையை மேல்தட்டில் ஏற்றச் சொன்னார். மச்சான் ஒரு சத்தமும் இல்லாமல் ஏற்றினான்.

அவனைக் காப்பாற்றும் அவசரத்தில், "நேத்து நான் மூக்குமுட்டக் குடிச்சேன் சார். இப்ப என்னை ஏத்தச் சொல்லுங்க," என்றேன்.

ஏற்றினேன். இரண்டு புட்டிகள் விழுந்து நொறுங்கின.

"அப்ப இந்தப் பரிசோதனை எதைத்தான்யா சொல்லுது?" என்று மேலாளர் தலையைச் சொறிந்தார். பிறகு விதிப்படி மச்சானை வீட்டுக்கு அனுப்பினார்.

"நல்லா காப்பாத்தின, போ!" என்றான் அவன்.

நான் கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிட்டு வண்டியில் ஏறினேன்.