ஒன்பது நாள் வராத பிள்ளை

கவிநிஷா ஒன்பது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, இன்னொரு நாள் தவறினால் பரீட்சை எழுத முடியாது என்று தனியார் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இந்திராதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குருபோங்கில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வழியில் மகளைத் தினமும் பள்ளி வாசலில் இறக்கிவிடுவதே அவள்தான்.

அந்தப் பள்ளியில் வகுப்பில் பெயர் கூப்பிடுவதில்லை. வாசல் கருவியில் பிள்ளைகள் அட்டையைக் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும், வருகை பதிவாகும். மறுநாள் இந்திராதேவி கூடவே நின்று பார்த்தாள். மகள் காட்டியபோது சத்தமே வரவில்லை.

"தெனமும் இப்படித்தானா?"

"இந்தக் கூட்டத்துல சத்தம் எங்க கேக்குதும்மா? வாசல் கேட் தொறந்துதானே இருக்கு."

காவலர் தம்புசாமி அட்டையை உறையிலிருந்து உருவினார். பின்னாலிருந்து முருகன் படம் பொறித்த செப்புத் தகடு ஒன்று விழுந்தது.

"என்ன தங்கச்சி, முருகனையும் ஸ்கூல்ல சேத்துட்டீங்களா?"

"கண்ணு படக்கூடாதுன்னு கோயில்ல மந்திரிச்சு வாங்குனது அண்ணே. புது ஸ்கூல்லா, அதான்."

அட்டைக்குள் பேட்டரி கிடையாது. கருவி அனுப்பும் வானலையின் சக்தியில்தான் அது விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். முதுகில் செம்பு ஒட்டியிருந்தால் அலை செம்பிலேயே அடங்கிவிடும்.

தகடில்லாமல் காட்டியதும் 'பீப்' என்றது. அலுவலகத்தில் கேமரா பதிவைப் பார்த்து ஒன்பது நாளையும் திருத்தினார்கள். அன்றிலிருந்து அட்டை மட்டும் கழுத்தில் தொங்கியது. தகடு புத்தகப்பையின் முன் ஜிப்புக்குள் இருந்தது.