கம்பெனிக்கார மாப்பிள்ளை

கிணற்றடியில் ராஜேந்திரன் கால்மணி நேரமாகக் கை தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் புளி, அப்புறம் துணி சோப்பு. ராணிப்பேட்டைக் கம்பெனியில் ஏழு வருஷம் லேத் மிஷினோடு நின்றதில் இரும்புத் தூளும் எண்ணெயும் நகக்கண்ணில் ஊறிப்போயிருந்தன. பக்கத்தில் நின்ற அவன் அம்மா தங்கம்மாள் நகத்தை இன்னும் ஒட்ட வெட்டச் சொன்னாள். இதற்கு மேல் வெட்டினால் விரலைத்தான் வெட்ட வேண்டும் என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்பென்னாத்தூர் அப்பாதுரை, மகள் ரேணுகாம்பாளுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க மனைவியோடும் தம்பியோடும் வருகிறார். கோயிலுக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். ராஜேந்திரனுக்கு முப்பது நெருங்குகிறது. இது நாலாவது இடம். முதல் மூன்றும் ‘கம்பெனி வேலையா’ என்ற ஒரே கேள்வியில் நின்றுபோயின. எதிர்வீட்டு வேணு அவன் சம்பளத்தில் பாதிகூட வாங்கவில்லை. ஆனாலும் கவர்மெண்டு பியூன். அவனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பெண் வீட்டாருக்குச் சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். இல்லாவிட்டால் கலந்து பேசி லெட்டர் போடுகிறோம் என்று தண்ணீர் குடித்ததோடு எழுந்துவிடுவார்கள். விவரமானவர்கள் பேச்சு முடிந்த பிறகுதான் உலை வைப்பார்கள். தங்கம்மாளுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூன்று தடவையும் முன்னாடியே வடை பாயசத்தோடு சமைத்துவிட்டு, யாரும் தொடாத சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போய், தன் மானத்தைத் தானே வீடு வீடாகப் பங்கு வைத்தவள் அவள். இன்றும் எட்டுப் பேருக்கு வடித்தாயிற்று. கூடவே இந்தத் தடவை தரகரிடம் ஒரு பொய்யும் சொல்லிவைத்திருந்தாள்: பையனுக்குக் கம்பெனியில் ஆபீஸ் வேலை.

அதை இப்போதுதான் மகனிடம் சொன்னாள். அவன் சோப்பைக் கீழே வைத்தான்.

“கேட்டா இன்னா சொல்றது?”

“கேக்க மாட்டாங்க. நீ வாயத் தொறக்காம இரு, போதும்.”

கேட்டார்கள். அப்பாதுரை வேர்க்கடலை வியாபாரிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய விவசாயி. எதையும் உரித்துப் பார்க்காமல் விடமாட்டார். வீடு சொந்தமா, கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று வரிசையாக விசாரித்துவிட்டு ராஜேந்திரன் பக்கம் திரும்பினார்.

“ஆபீஸ்ல உங்களுக்குக் கீழ எத்தினி பேர் வேலை செய்றாங்க?”

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற தங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்குக் கீழ யாரும் இல்லீங்க,” என்றான் ராஜேந்திரன். “எதிர்ல ஒரு லேத் மிஷின் இருக்கு. அதுல நின்னு இரும்பு கடையறேன். ஆபீஸ்னு சொன்னது தப்புங்க.”

அப்பாதுரையின் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். போயிற்று என்று நினைத்தாள் தங்கம்மாள். யார் வீட்டுக்கு எத்தனை வடை என்று மனசு தன்னால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்பாதுரை எழுந்திருக்கவில்லை.

“வேலை பர்மனெண்டா?”

“மூணு வருஷமாச்சுங்க.”

“மாசா மாசம் சம்பளம் குடுத்துடறாங்களா?”

“ஏழாந்தேதி கைக்கு வந்துடுங்க.”

அப்பாதுரை மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் லேசாகத் தலையசைத்தாள்.

“பெரியவள பி.ஏ. படிச்சவருக்குக் குடுத்தோம். கவர்மெண்டு வேலை வந்துடும்னு வேலூருக்குப் போய்ப் போய் எம்ப்ளாய்மெண்டு ஆபீஸ்ல கார்டு புதுப்பிச்சிட்டு வர்றாரு. ஆறு வருஷமா எங்க வூட்லதான் சாப்பாடு,” என்றார் அப்பாதுரை. பிறகு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். “இலையப் போடுங்கம்மா.”

தங்கம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இலையைக் கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்தவர்கள் வடையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தம்பிக்காரர்கூடப் பாயசத்தை வழித்துக் குடித்தார். இப்படி நிம்மதியாக அவள் பரிமாறி வெகுகாலம் ஆயிற்று.

கிளம்பும்போது அப்பாதுரை குரலைத் தாழ்த்தினார். தனக்கொன்றும் இல்லை, ஆனால் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அதனால் தரகர் சொன்னபடி ஆபீஸ் வேலை என்றே இருக்கட்டும் என்றார். தங்கம்மாள் அவசரமாகத் தலையாட்டினாள். ராஜேந்திரன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, “சரிங்க” என்றான்.

எதிர்வீட்டு வாசலுக்கு வேணுவின் அம்மா எல்லம்மாள் வந்து நின்றாள். அவளைக் கண்டதும் அப்பாதுரை தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து ராஜேந்திரனின் பையில் செருகினார்.

“இருக்கட்டும் மாப்ளே. பாக்க நல்லாருக்கும்.”

பேனா சாய்ந்திருந்தது. தங்கம்மாள் கிட்டே போய், எல்லம்மாளுக்கு நன்றாகத் தெரியும்படி அதை நிமிர்த்தி வைத்தாள்.