மேனேஜரின் இரண்டாவது தட்டு

அந்தத் தெருவில் அவளுக்குத் தராசம்மா என்று பெயர். எடைக்கற்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் வேலை. கடை கடையாகப் போய், பெட்டியிலிருந்து அரசாங்கக் கல்லை எடுத்து அவர்கள் தராசில் வைப்பாள். சரியாக இருந்தால் முத்திரை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. யார் டீ நீட்டினாலும் வாங்க மாட்டாள். இருபது வருடத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவியவர் என்று ஒருவரும் கிடையாது. தூவியது ஒரே ஒரு ஜீவன். அதற்கு நான்கு கால்.

மேனேஜர் என்பது அந்தப் பூனையின் பெயர். மற்றவர்கள் வேலை செய்யும்போது அலமாரி மேல் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் இறங்கி வரும் என்பதால் அவள் வீட்டுக்காரர் வைத்தது. பழுப்பு நிறம், பெருத்த வயிறு, யாரையும் சட்டை செய்யாத நடை. ஒன்பதாவது வயதில் அதற்குச் சர்க்கரை வியாதி வந்தது.

பூனையைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"காலையில ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி. ரெண்டு வேளையும் இருபத்திரண்டு கிராம் சாப்பாடு, அப்புறம் ஊசி. சாப்பாட்டை வெச்சுத்தான் மருந்தோட அளவு. அதுல விளையாடினா மருந்தே ஆளைக் கொன்னுடும்."

போயும் போயும் இதைத் தராசம்மாவிடமா சொல்ல வேண்டும்? அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சமையலறையில் ஒரு மின்தராசு வந்து உட்கார்ந்தது. ஜன்னலோரம் நின்று பூனைத் தீனியை ஒவ்வொரு மணியாகப் போட்டு இருபத்திரண்டு வந்ததும் நிறுத்துவாள். மேனேஜர் அந்தத் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கும். சம்பளத்தில் பாதியைப் பிடித்துவிட்டதுபோல ஒரு பார்வை.

இரண்டு மாதம் ஆயிற்று. சர்க்கரை இறங்கவில்லை. எடை ஏறியது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு மருந்தைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். மூன்றாவது முறையும் கூட்டினார்.

வேறு யாராவதாக இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார்கள். இவளோ தராசைச் சந்தேகப்பட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் அதை அலுவலகத்துக்குத் தூக்கிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, அரசாங்கக் கல்லை வைத்துப் பார்த்தாள். அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. அடுத்த சந்தேகம் வீட்டுக்காரர் மேல்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. உங்க தட்டிலிருந்து அவனுக்குப் போடறீங்களா?"

"நீ எனக்கு வைக்கிறதே அளந்து வைக்கிற. அதுல அவனுக்கு வேற பங்கா? போம்மா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதற்கு மேல் சந்தேகப்பட ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அவள் நினைப்பிலேயே வரவில்லை. எப்படி வருவார்? அவர்தான் மேனேஜருக்கு ஊரறிந்த எதிரி ஆயிற்றே. பேருந்தில் முப்பத்தோரு வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டாள், மகள் நகரத்தின் இன்னொரு மூலையில். தனிக்கட்டை. இரண்டு வாடகை வீட்டுக்கும் ஒரே உரிமையாளர். பூனையைப் பற்றி அவருக்கு எழுத்திலேயே புகார் கொடுத்தவர் இந்தக் கண்டக்டர். ரோஜாத் தொட்டியைக் கிளறியது, துவைத்த சட்டை மேல் படுத்தது, இருமிய மனிதனை முறைத்தது என்று வரிசை எண் போட்டு மூன்று குற்றச்சாட்டு. காலையில் பின்பக்கச் சுவருக்கு மேல் தலை தெரிந்தாலே தராசம்மாவுக்கு வாய் தானாக "மன்னிச்சுக்குங்க சார்" என்று ஆரம்பித்துவிடும்.

கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போன அன்றுகூட அவர் சும்மா போகவில்லை.

"அஞ்சு நாள் இருக்க மாட்டேம்மா. அதுக்குள்ள என் வீட்டை உங்க பூனை தன் பேர்ல எழுதி வாங்கிடாம பாத்துக்குங்க."

அவர் போன மூன்றாம் நாள் காலை. இருபத்திரண்டு கிராம் ஆயிற்று, ஊசி ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து மேனேஜர் அலமாரியிலிருந்து இறங்க முயன்று, பாதியில் பிடி நழுவி விழுந்தது. எழுந்து நின்றது, குடிகாரனைப்போல் இரண்டு அடி வைத்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அது யாரையும் பார்க்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது.

தராசம்மாவுக்கு டாக்டரம்மா எப்போதோ சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, விரலில் தேனைத் தொட்டு அதன் ஈறில் தடவினாள். வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். துண்டில் சுற்றிய பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தவள் வழி நெடுக, "மேனேஜர், மேனேஜர்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

முன்காலில் ரோமத்தை மழித்து குளுக்கோஸ் ஏற்றிவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"சர்க்கரை தரைமட்டத்துக்கு வந்துடுச்சு. சாப்பாட்டைக் குறைச்சீங்களா?"

"இருபத்திரண்டு கிராம், டாக்டர். ஒரு துணுக்கு குறையல."

"அப்ப இத்தனை நாளா வேற எங்கேயோ சாப்பிட்டிருக்கான். அதுக்கும் சேர்த்துதான் நாம மருந்தை ஏத்திக்கிட்டே போயிருக்கோம். இப்ப அந்தச் சாப்பாடு நின்னுடுச்சு, மருந்து நிக்கல."

"எங்க வீட்டுத் தராசு..."

"உங்க தராசு சரிதாம்மா. ஆனா அது உங்க வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

மருந்தைப் பாதிக்கு மேல் குறைத்துக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பிழைத்து வீடு வந்த மேனேஜர் ஒரு நிமிடம்கூட உள்ளே இருக்கவில்லை. பின்கதவு வழியாக வெளியேறி, சுவர் ஏறத் தெம்பில்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு நேராகக் கண்டக்டரின் பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்து, கதவை அண்ணாந்து பார்த்தது. பின்னாலேயே வந்த தராசம்மா நான்கடி தள்ளி நின்றாள்.

கதவு திறந்தது. அன்று காலைதான் திரும்பியிருந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணிக்கட்டு. அவள் நின்றது கட்டுப் போட்ட கண்ணின் பக்கம்.

"வாடா என் ராசா! அஞ்சு நாளா அந்த மகராசி உன்னைக் காயப் போட்டுட்டாளா? வா, பாலும் பிஸ்கெட்டும் ஊற வெச்சிருக்கேன்."

கையில் ஓர் எவர்சில்வர் தட்டு.

"சார்" என்றாள் தராசம்மா.

தட்டு ஆடிப் பால் சட்டையில் கொட்டியது. கையும் களவுமாக எத்தனையோ பேரைப் பிடித்தவள்தான். இவ்வளவு கோபம் அவளுக்கு எந்தக் கடையிலும் வந்ததில்லை. வியாதி, மருந்து, துண்டு, ஸ்கூட்டர் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"நீங்க போட்டதுலயும் செத்திருப்பான், போடாம போனதுலயும் செத்திருப்பான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கண்டக்டர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஜன்னல்ல பார்த்தேம்மா. ஒரு பிடிகூட இல்லாம எண்ணி எண்ணிப் போடறீங்க. அப்புறம் கழுத்தைப் பிடிச்சு ஊசி வேற குத்துறீங்க. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"அப்பவாவது கேக்கணும்."

"எழுத்துல புகார் கொடுத்தவன்மா நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கிறது?" குரல் இறங்கியது. "ஓடி வர்ற ஆளை விட்டுட்டு நான் ஒரு நாளும் விசில் ஊதினதில்ல. இவன் தினமும் சுவரேறி ஓடி வந்தான்."

கட்டுப் போடாத கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கட்டுத் துணியும் நனைய ஆரம்பித்தது.

"ஆபரேஷன் பண்ணின கண்ணு சார், அழாதீங்க!" என்று அதே கோபத்தோடு அதட்டிவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தாழிட்டாள்.

தாழ் போட்டால் தீர்கிற விஷயமா அது? மேனேஜர் முதல் நாள் பாதி சாப்பிட்டது. இரண்டாம் நாள் தட்டை முகர்ந்துவிட்டு, தாழிட்ட கதவருகே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

"மேனேஜரே வேலைநிறுத்தம் பண்றதை இப்பதான் பாக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போனில் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "சாப்பிடாம ஊசி போடக்கூடாது. ஊசி போடாம ரொம்ப நாள் விடவும் முடியாது."

அன்று மாலை ஆறு மணிக்கு ஒரு கிண்ணத்தில் இருபத்திரண்டு கிராமை எடுத்துக்கொண்டு, பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தராசம்மா கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கடையிலும் ஒரு டீ வாங்கிக் குடிக்காதவள், அங்கே கையேந்தி நிற்பதுபோல் கூசிப் போய் நின்றாள்.

"உங்க தட்டைக் கொஞ்சம் கொடுங்க, சார்."

அவர் தட்டைக் கழுவி, சட்டை நுனியால் துடைத்து, தரையில் வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். மேனேஜர் அவர் முழங்காலில் ஒரு முறை உரசிவிட்டு, கடைசித் துணுக்கு வரை தின்று தீர்த்தது. தராசம்மாவுக்குப் போன உயிர் வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. அங்கேயே ஊசி போட்டாள். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பூனையின் தலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் சோதித்து வாங்கிய ஒரு குட்டித் தராசையும் ஒரு நோட்டையும் அவரிடம் கொடுத்தாள்.

"காலை எங்க வீடு, சாயங்காலம் உங்க வீடு. நான் வந்து ஊசி போடறேன். நேரம், கிராம், அவன் எப்படி இருந்தான், எல்லாம் எழுதுங்க. பால் கிடையாது, பிஸ்கெட் கிடையாது."

"கேட்டான்னா?"

"கேட்டாலும்தான், சார்."

அவர் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

ஒரு மாதம் போயிற்று. காலையில் சுவருக்கு மேல் தெரியும் தலை, ரோஜாத் தொட்டியைப் பற்றிய புகாரைக் குறைத்துக்கொள்ளவில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொல்லும். ஆனால் சர்க்கரை இறங்கியது. எடையும் இறங்கியது.

மாதச் சோதனைக்குப் போனபோது, டாக்டரம்மா கேட்பார் என்று கண்டக்டரின் நோட்டையும் வாங்கிப் போனாள். காத்திருந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். கட்டம் போட்டதுபோல் நிமிர்ந்த கையெழுத்து.

"மாலை 6.05. 22 கிராம். கேட்டான். கொடுக்கவில்லை."

அடுத்த வரி. "மாலை 6.02. 22 கிராம். கேட்டான். கொடுக்கவில்லை."

அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும். பதினோராம் நாள் மட்டும் கொஞ்சம் நீளம்.

"மாலை 6.00. 22 கிராம். மழை. காலைச் சுற்றிச் சுற்றி வந்து ரொம்பக் கேட்டான். வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். கொடுக்கவில்லை."

தராசம்மா முப்பது வரிகளையும் ஒன்று விடாமல் படித்தாள். படித்து முடித்தும் நோட்டை மூட மனம் வரவில்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பரவாயில்லையே, இவ்வளவு ஒழுங்கா யார் எழுதினது?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு அண்ணா" என்றாள் தராசம்மா.